சகுனம் எப்போது அறிகுறி ஆனது?

கறுப்புப் பூனை குறுக்கே போகிறது. திரையின் அடியில் "இது ஒரு கெட்ட அறிகுறி ஆகும்" என்று எழுத்து ஓடுகிறது. முதலில் ஒரு தொடரில், அப்புறம் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், நேற்று மறுபடியும். மூன்று தடவை பொறுத்தாயிற்று.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சமஸ்கிருதத்தில் சகுனம் என்றால் பறவை. சகுனி என்றாலும் பறவைதான். பறவையைப் பார்த்து நல்லது கெட்டது கணித்ததால் அந்தக் கணிப்புக்கும் அதே பெயர் வந்தது. பிறகு பூனையும் தும்மலும் உள்ளே நுழைந்துகொண்டன. தமிழிலும் அப்படியே: புள் என்றால் பறவை, நிமித்தமும், அதாவது சகுனமும், புள்தான். கிரேக்கத்தின் 'ஒயோனோஸ்' பறவையையும் சகுனத்தையும் சேர்த்தே குறிக்கும். இலத்தீனின் 'ஆஸ்பிசியம்' பறவை, பார்த்தல் என்ற இரண்டும் ஒட்டிய சொல்.

இனி அறிகுறிக்கு வருவோம். "சகுனம் வடசொல், அறிகுறி நல்ல தமிழ்" என்கிறார்கள். நல்ல தமிழ்தான், இடம்தான் தப்பு. காய்ச்சல் நோய்க்கு அறிகுறி. கருமேகம் மழைக்கு அறிகுறி. இரண்டுக்கும் நடுவே காரணத் தொடர்பு இருக்கிறது. பூனைக்கும் போகிற காரியத்துக்கும் என்ன தொடர்பு? அதை அறிகுறி என்று எழுதும்போது, அந்த நம்பிக்கை உண்மைதான் என்று மொழிபெயர்ப்பாளரே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். 'மாரடைப்பின் சகுனங்கள்' என்று எந்த மருத்துவராவது எழுதுவாரா?

வினையைக் கவனியுங்கள். அறிகுறி தெரியும், தோன்றும். சகுனத்தையோ நாம் பார்க்கிறோம். பார்க்க ஆள் இல்லாவிட்டால் பூனை வெறும் பூனை.

கி.மு. 249இல் திரெபனா கடற்போருக்கு முன்னால் ரோமானியர் சகுனம் பார்க்க வைத்திருந்த கோழிகள் தீனி எடுக்கவில்லையாம், அது கெட்ட சகுனம். "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று தளபதி கிளாடியஸ் புல்கர் அவற்றைக் கடலில் வீசினார், போரிலும் தோற்றார் என்பது பழைய கதை. தீனி எடுக்காதது கோழியின் நோய்க்கு அறிகுறியாக இருந்திருக்கலாம். கப்பல்கள் பறிபோனதற்கு அது சகுனம் மட்டுமே. இந்தக் கதையை அறிகுறி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வெறும் 'குறி' என்று எழுதினால்கூடச் சண்டைக்கு வரமாட்டேன். குறி கேட்பது, குறி சொல்வது எல்லாம் வழக்கில் உள்ளவை. முன்னால் 'அறி' வந்து ஒட்டும்போதுதான் கெடுகிறது.

தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் இருப்பதை எடுக்கலாமே. காதில் தற்செயலாக விழும் அயலார் பேச்சைச் சகுனமாகக் கொள்வதற்கு விரிச்சி என்று தனிப் பெயரே உண்டு. முல்லைப்பாட்டில், தாயைக் காணாத கன்றிடம் "இப்போதே வந்துவிடுவார்கள்" என்று ஆயர்மகள் சொல்வதைக் கேட்டு, போருக்குப் போன தலைவன் திரும்பிவிடுவான் என்று முதுபெண்டிர் கொள்கிறார்கள். இத்தனை நுணுக்கமாகப் பிரித்துவைத்த மொழியில் எல்லாவற்றின் மேலும் அறிகுறியை ஊற்றுவது சோம்பேறித்தனம். கூடவே அந்த 'ஒரு', அந்த 'ஆகும்' வேறு!

புறநானூறு 204ஆம் பாட்டில், பரிசில் கிடைக்காதவர்கள் "புள்ளும் பொழுதும்", அதாவது சகுனத்தையும் புறப்பட்ட நேரத்தையும், பழிப்பார்களே தவிர, நாடிப்போன வள்ளலைப் பழிக்கமாட்டார்கள் என்கிறார் புலவர். புள்ளாம், பொழுதாம், எவ்வளவு சிக்கனம்! திரையடி எழுத்துக்கு இடம் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். 'புள்' இன்று யாருக்கும் புரியாது என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். "சகுனமே சரியில்லை" என்று போடுங்கள். அதுவும் சின்னதுதான்.