ரேஞ்ச்ஃபைண்டர்: தொலைவுமானியா, தொலைமானியா?

பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தில் எனக்குப் பழக்கமான கேடிகள், அதாவது ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் வருகிறவர்கள், பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். முருகேஷ்பாளையத்திலிருந்து விடியற்காலையில் நடந்தே வந்துவிடுவார்கள். போன மாதம் என் மைத்துனர் மகன் புதிதாக வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரம் அளக்கும் கருவியோடு வந்திருந்தான். கண்ணில் வைத்து, குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து, "171 யார்டு" என்றான். பையைச் சுமந்து நின்ற மூத்த கேடி கொடியைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். "தம்பி, நீங்கள் அளந்தது பின்னால் இருக்கும் மரத்தை. கொடிக்கு நூற்று நாற்பத்தைந்துதான் இருக்கும்" என்றார். பையன் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்து மறுபடியும் அழுத்தினான். கருவி ஒருமுறை அதிர்ந்தது. 146.

ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அவன் கேட்டான்: "மாமா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" அன்று சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரேஞ்ச் என்ற ஆங்கிலச் சொல், பிரெஞ்சில் வரிசையைக் குறித்த ஒரு சொல்லின் வழி வந்தது. மலைத்தொடருக்கும் பொருள்களின் வரிசைக்கும் இன்றும் அதே சொல்தான். பீரங்கிக்காரர்கள் கையில் அது குண்டு சென்று விழும் தூரமாயிற்று. குண்டு வீசுமுன் இலக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் கண்டு சொல்லும் கருவியே ரேஞ்ச்ஃபைண்டர். 1888-ல் பிரிட்டிஷ் போர்த்துறை இப்படி ஒரு கருவி கேட்டபோது, லீட்ஸ் நகரில் பேராசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்ட் பாரும் வில்லியம் ஸ்ட்ரௌடும் அதைச் செய்ய முனைந்தார்கள். ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளிலும் கண்ணாடிகள். இரண்டு வழியாகவும் வரும் பிம்பங்களைத் திருகி ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால், திருகிய கோணத்திலிருந்து தூரம் கிடைக்கும். நம் இரு கண்களும் நாள் முழுக்கச் செய்யும் வேலை அதுதான். அவர்களுடைய கருவி போர்க்கப்பல்களில் ஏறியது. அதே தத்துவம் 1932-ல் லைக்கா கேமராவுக்குள் வந்தது.

கோல்ஃப் மைதானத்தில் இருப்பது வேறு வகை. தியோடர் மைமன் 1960-ல் முதல் லேசரை ஒளிரச் செய்த பிறகே இது சாத்தியமாயிற்று. கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அனுப்புகிறது. பட்டுத் திரும்பிய ஒளி வர எடுத்த நேரத்தை அளக்கிறது. 146 யார்டு போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு யார்டு பிசகாமல் சொல்ல வேண்டுமானால், நொடியின் நூறு கோடியில் ஆறு பங்கு அளவுக்கு நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி இதைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ரேஞ்ச் என்பதை வீச்சு என்று மொழிபெயர்க்கப் பலருக்குக் கை வரும். ஏவுகணைச் செய்திகளில் அது சரியான சொல்; ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்பதே அங்கே கேள்வி. மைதானத்தில் வீச்சு என்பது மட்டையின் சங்கதி, ஆடுகிறவரின் சங்கதி. இந்த வேறுபாடு பெங்களூரில் நன்றாகவே தெரியும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் அடித்த அதே அடி இங்கே சற்றுக் கூடுதலாகப் போகும். கொடிக்கான 146 யார்டு இரண்டு ஊரிலும் 146-தான், மாறுவது வீச்சு. கருவிக்கு வீச்சு தெரியாது. ஆகவே அதன் பெயரில் வீச்சு வரக் கூடாது.

அது அளப்பது தொலைவை. தொலைவு எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. தொலைதல் என்றால் தீர்தல், இல்லாமல் போதல். பேசிக்கொண்டே நடந்தால் வழி தொலைவது தெரியாது என்று என் பாட்டி சொல்வார். நடந்து தீர்க்க வேண்டியது எதுவோ அது தொலைவு என்று அந்தச் சொல்லை நான் கேட்டுப் பழகியிருக்கிறேன். தூரம் வடமொழியிலிருந்து வந்து நம்மோடு ஒன்றிவிட்ட சொல். தூரமானி என்று எழுதுகிறவரை நான் திருத்த மாட்டேன். ஆனால் தூரதரிசினி போய்த் தொலைநோக்கி நிலைத்த மொழியில், தொலைவு என்றே சொல்லலாமே.

நான் உறுதியாக மறுப்பது தொலைமானி என்ற வடிவத்தை. தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி ஆகியவற்றில் தொலை என்பது தொலைவிலிருந்து அல்லது தொலைவுக்கு என்று பொருள்படுகிறது. அந்த வழக்கின்படி தொலைமானி என்றால் எங்கோ இருப்பதை இங்கிருந்தபடி அளக்கும் கருவி. விண்கலத்தின் வெப்பத்தைத் தரையில் உட்கார்ந்து அறிகிற வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தும். தொலைவையே அளக்கும் கருவிக்கு வெப்பமானி, மழைமானி போலத் தொலைவுமானி என்றிருப்பதே முறை. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தெலேமெத்ர் என்கிறார்கள்; ஜெர்மானியர்களின் எண்ட்ஃபெர்னுங்ஸ்மெசர் நேராகவே தொலைவு அளப்பான் என்று பொருள்படுகிறது. நம் சொல் ஜெர்மன் பக்கம் நிற்கட்டும். மானியும் வேண்டாம் என்பவர்களுக்குத் தொலைவளவி இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், நாவில் நன்றாகவே உருள்கிறது. யார்டுக்கும் நம்மிடம் கெஜம் உண்டு, அது பாரசீகத்திலிருந்து வந்தது. ஒன்பது கெஜப் புடவையில் வாழும் அந்தச் சொல் மைதானத்துக்குள் மட்டும் ஏனோ வரவில்லை.

பெயர் சரியாக இருந்தால் கடையிலும் உதவும்; நமக்கு வேண்டியது கொடியின் தொலைவு, கருவியின் வீச்சு அல்ல. பெட்டியின்மேல் 1,000 யார்டு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஒளியை நன்றாகத் திருப்பும் பெரிய பரப்பைக் குறி வைத்தால் கிடைக்கும் எண் அது. விரல் தடிமனில் சுமார் 7 அடி உயரம் நிற்கும் கொடிக்கம்பத்துக்கு அது பொருந்தாது. நமக்கோ 250 யார்டுக்குள் கொடியை நம்பிச் சொன்னால் போதும். அந்த 1,000-க்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமென்றால் கொடியைப் பின்னணி மரத்திலிருந்து பிரித்தறியும் திறனுக்குக் கொடுங்கள். மலிவான கருவிகள் தடுக்கி விழும் இடம் அது. கடைக்காரரிடம் கேட்டுக் கருவியை வாசலுக்கு எடுத்துப் போய், பின்னால் மரம் நிற்கும் ஒரு விளக்குக் கம்பத்தைப் பத்து முறை அளந்து பாருங்கள். எட்டு முறையாவது ஒரே எண் வந்தால் வாங்கலாம். ஆறு மடங்கு உருப்பெருக்கம் போதும். மாலை வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். கறுப்பு எழுத்தில் எண் காட்டும் கருவிகளில், பின்னணி இருண்ட மரமாக இருந்தால் எண் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மின்கலம் எந்த வகை, அக்கம்பக்கத்தில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லோப் என்று ஒரு வசதி சொல்வார்கள். சரிவுக்கணக்கு என்று சொல்லலாம். கொடி மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை யார்டுக்கு ஆட வேண்டும் என்று கருவியே திருத்திச் சொல்லும். பயிற்சிக்கு நல்லது. ஆனால் 2019-ல் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகள், போட்டிக் குழு தடை போடாத இடத்தில் தொலைவை அளக்க மட்டுமே அனுமதித்தன. ஏற்ற இறக்கத்தை அளக்க அனுமதிக்கவில்லை. சரிவுக்கணக்கை நிறுத்திவைக்க வழியில்லாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், போட்டிகளில் ஆட நினைப்பவர் வாங்க வேண்டாம்.

இன்னொரு சொல் மிச்சம் இருந்தது. கருவி கொடியைக் கண்டுகொண்டு அதிர்வதைப் பெட்டிகளில் 'பின் லாக்' என்று அச்சிடுகிறார்கள்; பின் என்பது ஆங்கிலத்தில் கொடிக்கம்பம். அதற்குக் கொடிப்பூட்டு, குறிப்பூட்டு என்று எதையெதையோ எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு ஏழாவது குழிக்கு ஆடும்போது மைத்துனர் மகன் மறுபடியும் கருவியை உயர்த்தினான். கேடி அண்ணன் அவன் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். அது அதிர்ந்ததும், எண்ணைக் கேட்காமலே, "கொடி மாட்டிவிட்டது" என்று சொல்லிப் பையிலிருந்து எட்டாம் நம்பர் மட்டையை உருவினார். நான் எழுதிவைத்திருந்த இரண்டையும் அடித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டேன்.