கூடத்துச் சுவரும் அரிக்கேன் விளக்கும்

மேடைக்குப் படுதா தீட்டுவது என் தொழில். கதை 1935-இல் மயிலாப்பூர் வீடொன்றில் நடப்பதாக உள்ள நகைச்சுவை நாடகத்துக்குக் கூடம் ஒன்று கேட்டார்கள். பின்னால் போகப் போகச் சிறுக்கும் மரத்தூண்கள், கடைசியில் முற்றத்து வெளிச்சம் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். பார்க்க அழகுதான். ஆனால் நடிகர் அந்தக் கடைசித் தூணருகே போய் நின்றால் அது அவர் இடுப்புக்குத்தான் வரும். வசனத்துக்கு முன்பே அரங்கம் சிரித்துவிடும். அதனால் படுதாவிலிருந்து மூன்றடி தள்ளி ஊஞ்சலைப் போடச் சொன்னேன். அதைத் தாண்டி யாரும் போக முடியாது. சுவருக்கு மங்கிய காவி. நகைச்சுவையில் பார்ப்பவர் கண் முகத்தை விட்டு நகரக்கூடாது.

சுவரில் கோவில்பட்டிப் பாணி முருகன் காலண்டர் வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். அந்தக் காலண்டர்களின் புகழ் கதை நடக்கும் 1935-க்குப் பின்னால் வந்தது. ரவிவர்மா அச்சகத்து லட்சுமியை மாட்டினேன். (காலண்டர் முருகனைப் பிரபலமாக்கிய கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் நாடகப் படுதா தீட்டியவர்தான்.)

இதெல்லாம் சுலபம். கடன்காரனுக்குப் பயந்த மாப்பிள்ளை அரிக்கேன் விளக்கோடு பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒளிகிற காட்சியில்தான் வினை. ஒத்திகையில் உண்மையான விளக்கையே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நிமிடத்தில் துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிவிட்டது. கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

தொங்கும் துணியில் தீ கீழிருந்து மேலே ஓடும். அணைக்க ஏணி தேடும் நேரம் இருக்காது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவாய் தியேட்டரில் பகல் காட்சியாக நடந்ததும் ஓர் இசை நகைச்சுவைதான். வில்விளக்கிலிருந்து (ஆர்க் லைட் என்ற மேடை மின்விளக்கு) துணியில் பற்றிய தீ, மேலே தொங்கிய படுதாக்களுக்குத் தாவியது. தீத்தடுப்புத் திரை பாதியிலேயே சிக்கிக்கொண்டது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரங்கு திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

பருத்தித் துணியை நான் தீட்டுவதற்கு முன்பே 10 லிட்டர் வெந்நீரில் சுமார் 670 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 300 கிராம் போரிக் அமிலமும் கரைத்து நனைத்துக் காயவைப்பேன். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து, வெட்டவெளியில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு, தீக்குச்சியைக் காட்டுவேன். குச்சியை எடுத்ததும் துணியும் அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுபடி தோய்க்க வேண்டியதுதான். இதனால் துணி எரியவே எரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தீ பரவுவது தாமதமாகும், அவ்வளவே. பாலியெஸ்டருக்கு இந்தக் கரைசல் உதவாது. வெளியூர் போகும் லாரியில் படுதா மழையில் நனைந்தால் மருந்தும் கரைந்து போய்விடும்.

மாப்பிள்ளை கைவிளக்குக்குள் இப்போது பேட்டரி பல்பு இருக்கிறது. முதலில் முகம் சுளித்தார். பிடிக்குக் கீழே பொத்தான் வைத்துக் கொடுத்தேன். கடன்காரன் தும்மும்போது அதை அழுத்தி விளக்கை அணைக்கிறார். அந்த இடத்தில் நல்ல கைதட்டல்.