கரண்ட் வந்ததும் ஏன் கத்துகிறோம்?

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் திரும்பி வந்த நொடியில் தெருப் பிள்ளைகள் மொத்தமும் 'ஹே...' என்று கத்தும். ஃபேன் என்னவோ நேற்றுச் சுற்றிய அதே ஃபேன்தான், வேகமும் அதேதான். ஆனாலும் அதன் கீழ் போய் உட்காரும் முதல் இரண்டு நிமிடம் சொர்க்கம். கொஞ்ச நேரம் போனால் அது சுற்றுவதே நினைவில் இருக்காது.

இப்படி ஒன்று பழகிப்போகும்போது மூளையில் என்ன நடக்கிறது? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்குகளின் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கண்காணித்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அவை படபடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழக்கியதும், துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்புகூட அடங்கிப்போனது. அந்தச் செல்களுக்குக் கணக்கு, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான். தினமும் கிடைக்கும் நல்லது அந்தக் கணக்கில் பூஜ்யம்.

இதை வைத்து டோபமினை 'இன்பச் சுரப்பு' என்று வாட்ஸ்அப்பில் சொல்லித் திரிகிறார்கள். அது சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமின் அழிக்கப்பட்ட எலிகளின் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார். எலிகள் வாயை நக்கி ருசித்தன. ஆனால் கண்முன் இருந்த தீனியை அவை தேடிப் போகவே இல்லை. குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருந்தது. வேண்டும் என்ற தவிப்பு வேறு, ருசி வேறு. ராத்திரி ஒரு மணிக்கு எதையும் ரசிக்காமலே ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மங்கிய ருசியை மீட்க அளவைக் கூட்டுவதுதான் நம் முதல் யோசனை. ஆய்வுகள் வேறு வழி சொல்கின்றன. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்களே அடுத்த முறை அதை அதிகம் ரசித்தார்கள்; இஷ்டத்துக்குத் தின்றவர்கள் அல்ல. 2008இல் லைஃப் நெல்சன், டாம் மேவிஸ் செய்த ஆய்வு இன்னும் வேடிக்கை. மசாஜை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அதிக சுகம். எரிச்சலூட்டும் இரைச்சலையும் அப்படி இடைவெளி விட்டுக் கேட்கச் செய்தால் எரிச்சல்தான் கூடியது. அதனால் பாத்ரூம் கழுவுவதை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். பிடித்த தொடரை மட்டும் ஒரே ராத்திரியில் பார்த்துத் தீர்க்காதீர்கள்.

செய்யும் விதத்தை மாற்றினாலும் பலன் உண்டு. பாப்கார்னைச் சீனக் குச்சிகளால் எடுத்துத் தின்றவர்கள், கையால் தின்றவர்களைவிட அதிகம் ரசித்ததாக 2019இல் எட் ஓ'பிரையன், ராபர்ட் ஸ்மித் காட்டினார்கள். புதுமை பழகும்வரைதான் இந்த வித்தை செல்லும்.

எனக்குப் பிடித்தது 2014இல் டிங் ஜாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மாணவர்கள் அண்மையில் பேசிய பேச்சு, கேட்ட பாட்டு, தங்களுக்குள் மட்டும் புரியும் ஒரு ஜோக் என்று அற்ப விஷயங்களை எழுதி வைத்தார்கள். 'மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க ஆர்வம் இருக்குமா?' என்றதற்குச் சுமாராகத்தான் மதிப்பிட்டார்கள். படித்தபோது ஆர்வம் அதைவிட அதிகமாக இருந்தது. காதலர் தினம் போன்ற விசேஷ நாளைவிட, சாதாரண நாளைப் பற்றிய கணிப்பே அதிகம் தவறியது. கல்யாணத்துக்கு ஆல்பம் போடும் நாம், ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறையில் அம்மாவுடன் நடந்த சண்டையை எங்கே எழுதி வைக்கிறோம்?

இவையெல்லாம் பழக்கத்தால் மங்கிய ருசிக்குத்தான். பிடித்தது எதுவுமே இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுக் கிடக்கிறது என்றால் அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குப் பாப்கார்ன் குச்சி உதவாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.