“பின்னாடி போகுது சார்” என்பது டெஸ்ட் ரிசல்ட் இல்லை

மறுபடியும் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட். ஜிடிபி (GDB) என்ற பிழைதேடும் கருவியில், புரோகிராமைப் பின்னோக்கி ஓட்டும் வசதிக்கான ரிவர்ஸ் டெஸ்ட்டுகள் முழுவதையும் ஓட்டியாச்சு, ஃபெயில் பூஜ்யம், பேட்சை (ஜிடிபி கோடில் செய்த திருத்தத்தை) ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. சம்மரி ஃபைலின் கடைசிப் பத்து வரியைப் பார்த்தால் பாஸும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். மிச்சமெல்லாம் ‘அன்சப்போர்ட்டட்’, அதாவது இங்கே ஓட்ட முடியாதவை. ஓடாத வண்டி விபத்தில் சிக்காது. அதைப் பாதுகாப்பான வண்டி என்று யாராவது எழுதித் தருவார்களா?

ரிவர்ஸ் அடைவில் இருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தொடக்கத்திலேயே “இந்த டார்கெட் (புரோகிராம் ஓடும் சூழல்) பின்னோக்கி ஓடுமா?” என்று கேட்கும். ஓடாது என்றால் ‘அன்சப்போர்ட்டட்’ என்று மட்டும் குறித்துவிட்டு வெளியேறிவிடும். அதை யாரும் ஃபெயிலாக எண்ண மாட்டார்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பாஸ் எண்ணிக்கை. பேட்ச் இல்லாமல் ஒருமுறை, பேட்சோடு ஒருமுறை, அதே மெஷினில், அதே கம்பைலரில் ஓட்டுங்கள். இரண்டு சம்மரி ஃபைலையும் டிஃப் எடுங்கள் (வரிக்கு வரி ஒப்பிடுங்கள்). அன்சப்போர்ட்டட், அன்டெஸ்டட், அன்ரிசால்வ்ட் மூன்றும் கூடியிருந்தால், ஃபெயில் பூஜ்யம் என்பதற்கு மதிப்பில்லை.

கையால் சோதிப்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ரெக்கார்ட் கமாண்டைப் போடாமலே, ஒரு வரி பின்னே போகும் ரிவர்ஸ்-ஸ்டெப்பை அடிப்பது. லினக்ஸில் நேராக ஓடும் புரோகிராமில் அப்படி அடித்தால், ‘நேட்டிவ் டார்கெட் இந்தக் கமாண்டை ஆதரிக்காது’ என்றுதான் பதில் வரும். இது பக் அல்ல. 2009-இல் 7.0 பதிப்போடு இந்த வசதி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். மெயினில் பிரேக்பாயிண்ட், ரன், ரெக்கார்ட், அதன் பிறகு முன்னே போங்கள். ரெக்கார்ட் போட்ட இடத்துக்கு முன்னால் நடந்தது எதற்கும் பதிவு கிடையாது.

இனி, பொறுமையைச் சோதிக்கும் அந்த நம்பிக்கைக்கு வருவோம். “நெக்ஸ்ட் போட்டேன், ரிவர்ஸ்-நெக்ஸ்ட் போட்டேன், பழைய வரிக்கே வந்துவிட்டது; ஆக ரிவர்ஸ் வேலை செய்கிறது.” முன்னோக்கிய கமாண்டைக் கண்ணாடியில் பார்த்தால் ரிவர்ஸ் கமாண்ட் என்று நினைப்பதால் வரும் வினை இது. அப்படி இல்லை. ஒரு சின்ன சி புரோகிராமை வைத்தே பார்க்கலாம்.

மெயினில் 9-ஆம் வரியில் பி, சி இரண்டுக்கும் 0. 10-ஆம் வரியில் ஏ-க்கு 1. 11-ஆம் வரியில் ‘கூட்டு’ என்ற ஃபங்ஷனுக்கு ஏ-யையும் 2-ஐயும் கொடுத்து, வரும் விடையை பி-யில் போடுகிறோம். 12-ஆம் வரியில் பி-யின் இரட்டிப்பு சி-க்கு. கூட்டு ஃபங்ஷனுக்குள் 4-ஆம் வரியில் கூட்டல், 5-இல் ரிட்டர்ன், 6-இல் மூடும் அடைப்பு. ஜிசிசி கம்பைலரில் ஆப்டிமைசேஷன் இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்தது.

12-இல் நின்றுகொண்டு ரிவர்ஸ்-ஸ்டெப் அடியுங்கள். 11-க்கு வராது. கூட்டு ஃபங்ஷனுக்குள், அதுவும் அதன் கடைசியில், 6-ஆம் வரியில் போய் நிற்கும். பின்னோக்கிப் போகிறவனுக்கு ஃபங்ஷனின் வாசல் ரிட்டர்ன் பக்கம்தானே. அடுத்த ஸ்டெப்பில் 5, பிறகு 4. அங்கிருந்து இன்னொன்று அடித்தால்தான் மெயினின் 11. இதே புரோகிராமை கிளாங் கம்பைலரில் கம்பைல் செய்தால் பெரும்பாலும் 6-இல் நிற்காமல் நேரே 5-இல் நிற்கும். மூடும் அடைப்புக்கு லைன் டேபிளில் (எந்த முகவரி எந்த வரிக்கு என்ற பட்டியலில்) தனிப் பதிவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இரண்டும் சரி. ஒன்றை மட்டும் சரி என்று ஸ்கிரிப்ட்டில் எழுதிவைத்துவிட்டு மற்ற கம்பைலரில் ஃபெயில் என்று கத்தாதீர்கள்.

4-ஆம் வரியில் நின்றுகொண்டு ரிவர்ஸ்-ஃபினிஷ் அடித்தால்? ஃபினிஷ் என்றதும் ரிட்டர்ன் மதிப்பு அச்சாகும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் திரும்பி வராத ஃபங்ஷனுக்கு என்ன ரிட்டர்ன் மதிப்பு? அது 11-ஆம் வரியில் ஃபங்ஷனை அழைக்கும் கால் (call) இன்ஸ்ட்ரக்‌ஷனில் போய் நிற்கும். வரியின் தொடக்கத்தில் அல்ல, நடுவில். ஆர்கியூமெண்ட்டுகளை ரெஜிஸ்டரில் ஏற்றும் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் ஏற்கெனவே ஓடி முடிந்த நிலை அது. அதனால் அடுத்த ரிவர்ஸ்-நெக்ஸ்ட் 10-க்குப் போகாது. 11-இன் தொடக்கத்துக்குத்தான் வரும். “கமாண்ட் நகரவே இல்லை” என்று இதற்கு பக் போடுகிறார்கள். திரையில் வரி எண் மாறவில்லைதான், ஆனால் பிசி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) மாறியிருக்கிறதே! தயவுசெய்து வரி எண்ணோடு பிசியையும் அச்சிட்டுப் பாருங்கள். (ஒரே வரி லைன் டேபிளில் அடுத்தடுத்த பல துண்டுகளாக உடைந்திருந்தால், பழைய பதிப்புகள் உண்மையாகவே வரியின் நடுவில் நின்றுவிடும். அது நிஜ பக், பின்னால் சரிசெய்யப்பட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லவும் பிசிதான் வேண்டும்.)

மாறியின் மதிப்பு மாறினால் ஓட்டத்தை நிறுத்தும் வாட்ச்பாயிண்ட்டிலும் இதே கதை. பி-க்கு வாட்ச் போட்டு முன்னே போனால் 0 பழையது, 3 புதியது என்று சொல்லி 12-இல் நிற்கும். 12-இலிருந்து ரிவர்ஸ்-கண்டினியூ போட்டால் 3 பழையது, 0 புதியது என்று சொல்லி 11-இல் நிற்கும். தலைகீழாகச் சொல்கிறது என்று திருத்தப் போகாதீர்கள். பின்னோக்கிய ஓட்டத்தில் முதலில் பார்த்தது 3-ஐத்தான்.

ஆக, எதைச் சோதிக்க வேண்டும்? நின்ற இடத்தை மட்டுமல்ல, நின்ற இடத்தில் இருக்கும் நிலையை. முன்னே போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிசி, ஸ்டாக் பாயிண்டர், லோக்கல்கள், குளோபல்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்போது, அதே பிசியில் அதே மதிப்புகள் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல் மறுபடி முன்னே போங்கள். இந்த மூன்றாவது நடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபுல் ரெக்கார்ட் (ரெக்கார்டின் இயல்பு முறை) பின்னே போகும்போது லாக்கில், அதாவது பதிவில், இருக்கும் பழைய மதிப்பையும் மெமரியில் இருக்கும் புதிய மதிப்பையும் இடம் மாற்றுகிறது. ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதும் ரெஜிஸ்டர் ஒன்றைப் பதிவுசெய்யத் தவறியிருந்தால், பிசி கச்சிதமாகப் பின்னே வரும், அந்த ரெஜிஸ்டர் மட்டும் எதிர்கால மதிப்போடு உட்கார்ந்திருக்கும். வரி எண்ணை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது. டெஸ்ட் தொகுப்பில் மெஷின்ஸ்டேட் என்ற ஸ்கிரிப்ட் இருப்பதே இதற்குத்தான். புதிதாக டெஸ்ட் எழுதுபவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

மாறிகளையும் யோசித்து வையுங்கள். பி-க்கு முதலிலேயே 3 கொடுத்திருந்தால் மேலே சொன்ன டெஸ்ட் எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒன்றை வேறு மதிப்புக்கு மாற்ற வேண்டும். தொடக்க மதிப்பு கொடுக்காத லோக்கலை ஒப்பிடுவது அதைவிட மோசம்.

பதிவு பாதியில் நிற்பதையும் கவனியுங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஸ்ட்ரிங், மெமரி ஃபங்ஷன்கள் ப்ராசஸரைப் பார்த்து ஏவிஎக்ஸ்2 (AVX2) என்ற கட்டளைத் தொகுப்பில் எழுதிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். பல பதிப்புகளில் ரெக்கார்டுக்கு அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் தெரியாது. 0xc5 என்ற இன்ஸ்ட்ரக்‌ஷனை ஆதரிக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அதைப் படிக்காமல் ரிவர்ஸ்-கண்டினியூ போட்டால் அழகாகப் பின்னே போகும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும், சோதிக்க நினைத்த பகுதி பதிவிலேயே இருக்காது. ஜிலிப்சி ட்யூனபிள்ஸ் சூழல் மாறி வழியாக ஏவிஎக்ஸ்2-ஐ அணைத்துவிட்டு ஓட்டலாம். எழுதும் விதம் ஜிலிப்சி பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஷேர்டு லைப்ரரி ஃபங்ஷனின் முதல் அழைப்பில் அதன் முகவரியைத் தேடித்தரும் டைனமிக் லிங்கர் நுழைவதாலும் இதே தொல்லை வரும். எல்டி-பைண்ட்-நவ் (LD_BIND_NOW) சூழல் மாறிக்கு 1 கொடுத்தால் தாண்டிவிடலாம். ஆனால் ஷேர்டு லைப்ரரிக்குள் ரிவர்ஸ்-ஸ்டெப் போவதையே சோதிக்கிறீர்கள் என்றால் அதைப் போடக் கூடாது. முதல் அழைப்பும் இரண்டாவது அழைப்பும் வெவ்வேறு பாதை. இரண்டையும் சோதிக்க வேண்டும்.

அடுத்து, கொள்ளளவு. லாக்கின் இயல்பு உச்சவரம்பு 2,00,000 இன்ஸ்ட்ரக்‌ஷன். அச்சிடும் ஒரு லூப் கொஞ்சம் சுற்றினாலே போதும், தாண்டிவிடும். நிரம்பியதும், பழையதை அழித்துக்கொண்டே போகலாமா என்று ஜிடிபி கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாத பேட்ச் (batch) முறையில் ஓட்டினால் கேள்விக்குத் தானே ‘ஆம்’ சொல்லிக்கொள்ளும்! ரிவர்ஸ்-கண்டினியூ மெயினுக்கு வராமல் எங்கோ நடுவில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்ஃபோ ரெக்கார்ட் அடித்து, மிகக் குறைந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எண் 1-ஆ என்று பாருங்கள். இன்னொரு கேள்விக்கும் அதே ‘ஆம்’ விழும்: ரீப்ளேயில் (பதிவுக்குள் பின்னே போன நிலையில்) இருக்கும்போது ஒரு மாறியின் மதிப்பை மாற்றினால், அந்த இடத்துக்குப் பிறகான பதிவு முழுவதும் போய்விடும். டெஸ்ட் நடுவே மதிப்பை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்.

பிராஞ்ச் டிரேஸ் முறையில், அதாவது பிடிரேஸில், சோதித்துவிட்டு “பழைய மதிப்பு தெரியவில்லை” என்று எழுதாதீர்கள். அது ஓடிய பாதையை மட்டும்தான் பதிவுசெய்யும், டேட்டாவை அல்ல. ஸ்டெப்பிங் சோதிக்கலாம், மாறியைச் சோதிக்க முடியாது.

செய்தி வாசகங்களை அப்படியே ஒப்பிடும் ஸ்கிரிப்ட்டுகளையும் ஒருமுறை தூசி தட்டுங்கள். பதிவின் எல்லையை எட்டியதும் வரும் வாசகம் புதிய பதிப்புகளில் மாறிவிட்டது. இரண்டையும் ஏற்கும் பேட்டர்ன் எழுதுங்கள். ஓடும் திசையைத் தீர்மானிக்கும் எக்ஸிக்-டைரக்‌ஷனை ரிவர்ஸுக்கு மாற்றிய டெஸ்ட், முடியும்போது ஃபார்வர்டுக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த டெஸ்ட்டின் நெக்ஸ்ட் பின்னால் ஓடும், நாள் முழுக்க நீங்கள் பேயைத் தேடுவீர்கள்.

பக் ரிப்போர்ட் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். ப்ராசஸர் வகை, ஜிடிபி, கம்பைலர், ஜிலிப்சி மூன்றின் பதிப்பு, கம்பைல் செய்த ஆப்ஷன்கள், இன்ஃபோ ரெக்கார்ட் தந்த பதில், தவறிய கமாண்டுக்கு முன்னும் பின்னும் பிசி, அந்த ஃபங்ஷனின் டிஸ்அசெம்பிளி. சம்மரி ஃபைலோடு முழு லாக் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள்.