பழைய தரைப்பலகையைத் தேய்ப்பதற்கு முன்

“பழைய வீட்டை இடிக்கிறார்கள், தரைப்பலகை மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உடனே மெஷின் போட்டுத் தேய்த்துவிடலாமா?” என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். ஆசை நியாயமானதுதான். மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம் அது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் வளையங்கள் நூல் நூலாக நெருங்கி இருக்கும். அதை அடுப்பில் வைக்க எனக்கும் மனசு கேட்காது. ஆனால் மெஷின் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் மேலே பூசியிருக்கும் வர்ணத்தைப் பாருங்கள். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் சர்வசாதாரணம். அமெரிக்காவில்கூட வீட்டு வர்ணத்தில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். பலகையில் அது சும்மா கிடக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. மெஷின் பட்டதும் மாவாகிக் காற்றில் கலந்துவிடும். குழந்தைகளுக்கு இந்த அளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே கிடையாது.

ஒரு வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள், வீட்டுக்காரரே மெஷினை வாடகைக்கு எடுத்துப் பாதி அறையைத் தேய்த்து முடித்திருந்தார். ஜன்னல் திண்டில் வெள்ளைப் புழுதி. பக்கத்து அறையில் தொட்டில் கம்பியிலும் அதே புழுதி. வர்ணச் சில்லைச் சோதித்தபோது ஈயம் இருந்தது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். அன்று முழுக்க ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஈயம் இருந்தால் உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, தீ காட்டியும் உரிக்கக் கூடாது. நனைத்துச் சுரண்ட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். புழுதி எடுக்க, மிக நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சு இயந்திரம்தான் வேண்டும். பலகைமேல் பழைய வினைல் ஓடும் கறுப்புப் பசையும் ஒட்டியிருந்தால் அதில் நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். சோதிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

சரி, பிரிப்பதற்கு வருவோம். நாக்கும் காடியுமாக, அதாவது ஒரு பலகையின் ஓரத்து நீட்டலை அடுத்ததன் ஓரத்துப் பள்ளத்தில் செருகிக் கோத்த பலகையில், ஆணி பெரும்பாலும் நாக்கில்தான் இறங்கியிருக்கும். சுவரோரம் ஒரு பலகையைப் பலி கொடுத்துத்தான் தொடங்க முடியும். அப்புறம் கீழே சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து, நாக்குப் பக்கமாக நெம்புகோலைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் பலகை கீறிவிடும். மேல்முகத்திலேயே அடித்த ஆணியைப் பின்பக்கத்திலிருந்து தட்டினால், தலை மேலே வரும்போது பலகையின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். நான் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிமுனையைக் குறடால் கவ்வி, குறட்டின் வளைவை மரத்தில் ஊன்றி உருட்டுவேன். மெல்லிய தலை மரத்துக்குள்ளேயே நுழைந்து பின்பக்கமாக வந்துவிடும். முகத்தில் மிஞ்சுவது ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு மட்டும்தான். அந்தப் பொட்டுகளை நான் அடைப்பதில்லை, அவை அழகு. கடைசியில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒடிந்த ஆணி ஒன்றாவது சிக்கும்.

துளைகளிலிருந்து மாவு போலத் தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தப் பலகையை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் முனை பொதபொதவென்று இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

பதிக்கப் போகும் அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிச் சில வாரங்கள் விடுங்கள். அகலப் பலகை என்றால் அதற்கும் அடித்தளத்துக்கும் ஈரப்பத வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வரட்டும். இல்லையென்றால் பிற்பாடு இடைவெளி விழும், அல்லது பலகை உப்பி எழும்.

தேய்க்கும்போது 40ஆம் நம்பர் சொரசொர உப்புத்தாளில் தொடங்கி 60, 80, 100 என்று போகலாம். முகமூடி கட்டாயம். ஈயமே இல்லாவிட்டாலும் மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நாக்குக்கு மேலே மிச்சமிருக்கும் மரம் கொஞ்சம்தான் என்பது நினைவிருக்கட்டும், அளவோடு தேயுங்கள்.

தேய்த்த பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசப் பயன்படுத்திய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போதே சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட இரும்பு வாளியில் அமுக்கி வையுங்கள். பட்டறையைப் பூட்டுவதற்கு முன் அந்த வாளியைத் திறந்து, துணியெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் விளக்கை அணைப்பேன்.