ஆரணித் தறியும் ஏட்டிக்குப் போட்டி நிரலும்

ஆரணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறி ஓடும் வீடு. மகளுக்குக் கவுன்சலிங்கில் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. "கம்ப்யூட்டர் ஒரு மெஷின்தானே சார்? மெஷினுக்கு எதற்கு சயின்ஸ்? மிக்சி சயின்ஸ், கிரைண்டர் சயின்ஸ் என்று யாராவது பட்டம் கொடுக்கிறார்களா?"

கிண்டலாகத் தெரிந்தாலும் பேராசிரியர்களே கேட்டுச் சண்டை போட்ட கேள்விதான் இது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் இதற்கென்று தனித் துறை தொடங்கியது. அந்த நாட்டில் அதுதான் முதல். அதுவரை கணிதத் துறையிலோ மின்பொறியியல் துறையிலோ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த படிப்பு. 'இப்படி ஒரு அறிவியல் உண்டா?' என்று நச்சரித்தவர்களுக்கு 1967இல் கணினி ஆய்வாளர்கள் நியூவெல், பெர்லிஸ், சைமன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் பதில் எழுதினார்கள். செடிகள் இருப்பதால் தாவரவியல் இருக்கிறது, கணினிகள் இருப்பதால் கணினி அறிவியல் இருக்கிறது என்பது அதன் சாரம்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. செடி முளைக்கும் முன்பே தாவரவியல் வந்துவிட்ட கதை இது. எழுதி வைத்த நிரலை, அதாவது புரோகிராமை, நினைவகத்தில் ஏற்றி ஓட்டிய முதல் மின்னணுக் கணினி மான்செஸ்டரில் இயங்கியது 1948 ஜூன் 21 அன்று. இந்தத் துறையின் அடிப்படைத் தேற்றமோ 1936லேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. அப்போது 'கம்ப்யூட்டர்' என்றால் ஆள். காகிதத்தில் கணக்குப் போடும் உத்தியோகம். நம் நாட்டிலேயே 1831இல் ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் சேர்ந்தது 'கம்ப்யூட்டர்' என்ற பதவியில்தான்.

வாசகரின் தறிக்கு வருவோம். பூ வேலைக்குத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் எழும், இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும், நடுவே ஊடை போகும். நெய்கிறவருக்கு மயிலின் கழுத்து எப்படி வளைகிறது என்ற கவலை வேண்டாம். அட்டை சொன்னபடி மிதித்தால் மயில் வந்துவிடும். பிரான்சில் ஜக்கார்டு இதைச் செய்தது 1804 வாக்கில். இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் இந்த அட்டையைத்தான் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கடன் வாங்கினார். அந்த இயந்திரம் முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை, ஆனாலும் அதற்கான செயல்முறையை ஏடா லவ்லேஸ் 1843இலேயே அச்சில் எழுதிவிட்டார்.

சரி, 1936க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட்டும் அவருடைய சகா ஆக்கர்மனும் 1928இல் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். ஒரு கணிதக் கூற்றைக் கொடுத்தால், அது விதிகளிலிருந்து கிடைக்குமா கிடைக்காதா என்று இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் வழிமுறை ஒன்று இருக்கிறதா? கேம்பிரிட்ஜில் இருந்த ஆலன் டூரிங் இதை எடுத்துக்கொண்டபோது அவருக்கு இருபத்துநாலு வயதுகூட ஆகவில்லை. 'இயந்திரத்தனமாக' என்றால் என்ன என்பதில்தான் அவர் முதலில் நின்றார். கணக்குப் போடும் ஆளைக் கவனித்தார். கட்டம் போட்ட காகிதம், ஒரு நேரத்தில் கண்ணில் படுவது சில கட்டங்கள், மனத்தில் ஒரு நிலை. அதைப் பொறுத்து ஒரு குறியை எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார், மனநிலை மாறுகிறது. கணக்கு எவ்வளவு பெரியதானாலும் உடைத்துப் பார்த்தால் இவ்வளவுதான். ஆக ஒரு நாடா, அதன்மேல் நகரும் ஒரு தலை, 'இந்த நிலையில் இந்தக் குறி கண்டால் இதைச் செய்' என்ற விதிப் பட்டியல். டூரிங் இயந்திரம் தயார், காகிதத்தில்.

இனிமேல்தான் வித்தை. தறியில் அட்டை வேறு, நூல் வேறு. நூல் எந்தக் காலத்திலும் அட்டையாகாது. டூரிங்கின் இயந்திரத்தில் விதிப் பட்டியல்தான் அட்டை. ஆனால் அதுவும் குறிகளாலானதுதானே? அதையே நாடாவில் எழுதிவிடலாம். அப்படியானால் எந்த இயந்திரத்தின் பட்டியலையும் நாடாவில் படித்து, அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரே ஒரு பொது இயந்திரம் போதும். உங்கள் கைப்பேசி அதுதான்: காலையில் அலாரம், மதியம் கால்குலேட்டர், ராத்திரி சினிமா. மிக்சியிடம் இது நடக்காது. மிக்சியின் வரைபடத்தையே அதில் போட்டு அரைத்தால் காகிதம் கிழியும், அவ்வளவுதான்.

அட்டையும் நூலும் ஒன்றானதும் ஒரு வில்லங்கமும் சேர்ந்தே வந்தது. போன மாதம் காட்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "வெயிட் பண்ணலாமா சார், மூடிட்டுத் திரும்பத் திறக்கலாமா?" என்று கேட்டார் கடைக்காரர். இன்னும் ஒரு நிமிடத்தில் நின்றுவிடுமா, இல்லை யுகம் யுகமாகச் சுற்றுமா? இதைச் சொல்ல ஒரு நிரல் எழுத முடியுமா?

முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு 'ஜோசியர்' என்று பெயர். எந்த நிரலின் எழுத்தையும், அதற்குக் கொடுக்கப்போகும் உள்ளீட்டையும் காட்டினால் 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்று ஜோசியர் தவறாமல் சொல்லிவிடுவார். இப்போது நான் இன்னொரு நிரல் எழுதுகிறேன். பெயர் 'ஏட்டிக்குப் போட்டி'. யாராவது ஒரு நிரலை அதன் கையில் கொடுத்தால், 'இந்த நிரலுக்கு இதன் எழுத்தையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?' என்று ஜோசியரைக் கேட்கும். அவர் 'நிற்கும்' என்றால் வேண்டுமென்றே முடிவில்லாமல் சுற்றும். 'நிற்காது' என்றால் உடனே நின்றுவிடும். எல்லாத் தெருவிலும் இப்படி ஒரு பையன் உண்டு.

ஏட்டிக்குப் போட்டியின் கையில் ஏட்டிக்குப் போட்டியையே கொடுங்கள்.

ஜோசியர் 'நிற்கும்' என்றால் அது சுற்றும். 'நிற்காது' என்றால் நின்றுவிடும். எப்படிச் சொன்னாலும் ஜோசியர் தோற்கிறார். நான் எழுதியதில் பிழை தேடாதீர்கள். ஜோசியர் இருந்தால் ஏட்டிக்குப் போட்டியை எழுத மூன்று வரி போதும். ஆகவே தப்பு ஜோசியரிடம்தான், அப்படி ஒருவர் இருக்கவே முடியாது. எவ்வளவு வேகமான சிப் வந்தாலும், எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் முடியாது. டூரிங் இதைச் சற்று வேறு உருவத்தில் எழுதினார், 'நிற்குமா' என்ற வடிவம் பின்னால் வந்தது. ஹில்பர்ட்டின் கேள்விக்கும் 'இல்லை' என்பதே பதிலாயிற்று. சில மாதம் முன்பே அமெரிக்கக் கணித அறிஞர் அலோன்ஸோ சர்ச் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார்.

குறிப்பிட்ட சில நிரல்களைப் பற்றிச் சொல்லவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஜோசியர் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் சின்ன நிரல்கூடப் பாடாய்ப் படுத்தும். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள், ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 1 வந்தால் நிறுத்துங்கள். 27இல் தொடங்கினால் 9232 வரை ஏறி, 111 படி கழித்து 1க்கு வருகிறது. எல்லா எண்ணும் இப்படி வந்து சேருமா? இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

ஜோசியர் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நம் ஊரில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். கிரகம் எங்கே நிற்கிறது என்ற வரைக்கும் அது போடும் கணக்கு நல்ல கணக்குதான். அதற்குக் கீழே வரும் கல்யாணப் பலன் யாரோ உள்ளே தட்டி வைத்த வாக்கியம். பிரின்டரில் வந்துவிட்டதால் அது உண்மையாகிவிடாது.

இந்த அறிவியலுக்குப் பெரிய கூடமோ குளிர்சாதன அறையோ கட்டாயமில்லை. தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் வாசலில் போடும் கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974இல் வெளியிட்டார்கள். புள்ளிக் கோலத்தை விதிகளால் வளர்க்கும் அந்த வழி, மொழியியலும் கணினியியலும் சேரும் இடத்தில் இருக்கிறது. 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த கயால், சக்சேனா இருவரும், ஓர் எண் பகா எண்தானா என்று வேகமாகவும் பிசகின்றியும் சொல்லும் வழிமுறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் காகிதமும் பேனாவும் நிம்மதியான நேரமும். நம்மிடமோ கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் கோடிகள் வரும். மூன்று பேர் இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்து யோசிக்கச் சம்பளம் கேட்டால் 'என்ன பயன்?' என்று படிவம் நீட்டுவார்கள்.

ஆரணி நண்பருக்கு: உங்கள் மகளுக்கு 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' என்றொரு பாடம் வரும். அரியர் வைக்கிற பேப்பர் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள். அந்த செமஸ்டர் விடுமுறையில் அவளைத் தறியடியில் உட்கார வைத்து, அட்டை ஓடும்போது எந்த நூல் எழுகிறது என்று காட்டுங்கள். நெய்த சேலையையே அட்டையாகக் கோத்து இன்னொரு சேலை நெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்க ஆரம்பித்துவிட்டாளானால், பாதிப் பாடம் அங்கேயே முடிந்தது.