சொல் விளக்கம்: வின்டேஜ்

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் இந்தச் சொல் காதில் விழாமல் இருக்காது. "வின்டேஜ் வண்டில்லா அண்ணாச்சி, வெலைய எப்படிக் கொறைக்க?" என்பார் புரோக்கர். அங்கே நிற்பது 1986ஆம் ஆண்டுப் பத்மினி காராக இருக்கும். கூரையை வெட்டியெடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, 'ஸ்போர்ட்ஸ்' ஆக்கியிருப்பார்கள்.

உண்மையில் இந்தச் சொல் பிறந்தது திராட்சைத் தோட்டத்தில். இலத்தீனில் 'வீனும்' என்றால் ஒயின், 'டேமெரே' என்றால் பறித்தெடுத்தல். இரண்டும் சேர்ந்த 'வின்டேமியா' திராட்சை அறுவடையைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து வின்டேஜ் ஆனது. அப்புறம் ஒயின் எந்த ஆண்டு அறுவடை என்பதைச் சொல்லும் பெயரானது. நல்ல ஆண்டின் ஒயினுக்கு விலை கூடுதல். 'பழசு, ஆனால் உசத்தி' என்ற பொருள் அங்கிருந்து கிளைத்ததுதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல், பிசான நெல் என்று பருவத்தின் பெயரையே நெல்லுக்கு வைத்து விலை பேசுகிறவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். (அந்தக் 'கார்' வேறு, இந்தக் கார் வேறு!)

வண்டிக்கு இந்தச் சொல்லை இறுக்கமாக வரையறுத்தவர்கள் பிரிட்டனில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்காரர்கள். 1930 முடிவதற்குள் செய்த கார்தான் அவர்களுக்கு வின்டேஜ். அந்தக் கணக்கில் 1962இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி.பி.யும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் நூறு வயதானாலும் வின்டேஜ் ஆகா. அவை கிளாசிக்.

இந்தியச் சட்டம் வயதைப் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனம் வின்டேஜ். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரையை வெட்டிய பத்மினி இரண்டு வகையிலும் அடிபட்டுப் போகிறது. இந்தப் பிரிவில் புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாது. தென்காசியிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வர நினைப்பவர் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

ஆகவே 'வின்டேஜ்' என்று சொன்னதும் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள்; இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பாருங்கள். இன்ஜின் மாறியிருந்தால் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் விலை இறங்க வேண்டியதுதான். திருச்செந்தூர், உவரி என்று கடலோரத்தில் கிடந்த வண்டி என்றால் துருவை அதிகம் சந்தேகிக்க வேண்டும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் கையை இழுக்கும். பட்டி பார்த்து மூடிய இடம் வந்ததும் பிடி விட்டுப்போகும். அங்கே இரும்பைத் துரு தின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பிட்ஃபயர் மாட்டினால் நமக்கு ஒரு சின்ன வசதி உண்டு. அதன் அடிச்சட்டம் டிரையம்ப் ஹெரால்டின் வழி வந்தது. முன் சஸ்பென்ஷனும் அந்தக் குடும்பம்தான். அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. அதில் கை பழகிய பழைய மெக்கானிக் யாராவது கிடைத்தால் பேரத்துக்கு அவரையும் கூட்டிப்போகலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்தித்தாள்கள் 'பழங்கால கார்' என்று எழுதுகின்றன. அது வயதை மட்டும் சொல்கிறது, மதிப்பு அதில் இல்லை. தொல்பொருள், தொல்லியல் வரிசையில் 'தொல்லூர்தி' என்றால் சட்டம் சொல்லும் பொருளுக்குப் பொருந்தும். ஆவணங்களில் எழுதவும் ஏற்றது. கிளாசிக்குக்கு இலக்கியத்தில் புழங்கும் 'செவ்வியல்' காருக்கு ஒட்டவில்லை. 'பழம்பெரும் நடிகர்' என்கிறோமே, அந்தப் 'பழம்பெரும்' எனக்குப் பிடித்திருக்கிறது; வயதும் மரியாதையும் அதில் சேர்ந்தே வருகின்றன. ஸ்போர்ட்ஸ் காரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். 'விளையாட்டுக் கார்' என்றால் பிள்ளைகள் தரையில் உருட்டுவது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.